குடத்துக்குள் கை விட்ட சிறுவன்

காலை ஐந்தே முக்காலுக்குச் செம்பரம்பாக்கம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பெண்களே அதிகம். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கி, முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஆடி மாதத்தில் ஒருநாள் அங்கே நின்றபோது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“அக்கா, ஆடித் தள்ளுபடி மெசேஜ் உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துச்சே. ‘இன்னும் 2 நாள்தான் பாக்கி’ன்னு போட்டிருக்கு.”

“எனக்கு அப்படி இல்லையே. ‘உங்க ஏரியால நிறைய பேர் வாங்கினது இதுதான்’னு வந்திருக்கு. அதே கடைதான்க்கா.”

இருவரும் போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே கடை, ஒரே புடவைப் படம், ஒரே நேரம். எழுத்து மட்டும் வேறு. இளையவள் முகத்தில் சின்ன வருத்தம்கூடத் தெரிந்தது, தனக்கு ஏதோ குறைத்து அனுப்பிவிட்டார்கள் என்பதுபோல. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

அவர்களுக்கு வந்த குழப்பத்துக்கு விடை எளிது. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு வாசகங்கள் எழுதியிருக்கிறார். எது ஆட்களைக் கடைக்கு வரவழைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு மென்பொருளிடம் கொடுத்து, கையிலிருக்கும் எண்களைக் குலுக்கி இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு இதையும் மறு பங்குக்கு அதையும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். தொழிலில் இதற்கு ஏ/பி டெஸ்ட் அல்லது ஸ்ப்ளிட் டெஸ்ட் என்று பெயர். வங்கியும் பத்திரிகையும் பயண நிறுவனமும் அனுப்பும் மின்னஞ்சல் மடல்கள் பல இந்தச் சோதனையைத் தாண்டித்தான் நம்மிடம் வருகின்றன. தலைப்பு வரி, அனுப்புகிறவர் பெயர், அனுப்பும் கிழமை என்று ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

கடைக்காரர் வேலைதானே, இதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இந்த முறையால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். அந்த வரலாற்றின் முக்கியமான பக்கங்களில் சில இதே சென்னையிலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் எழுதப்பட்டவை.

முதலில், பிரிக்காமல் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். நீங்கள் வாரம் ஒரு மடல் அனுப்புகிறீர்கள். போன வாரம் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் திறந்தார்கள். இந்த வாரம் தலைப்பு வரியை மாற்றினீர்கள், இருபத்துநாலு பேர் திறந்தார்கள். புதுத் தலைப்பு நன்றாக வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் போன வாரம் மாதக் கடைசி, இந்த வாரம் சம்பளம் வந்துவிட்டது. போன வாரம் மழை பெய்து கரண்ட் போயிருந்தது. நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு: வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். போன வாரம் இரவு ஷிஃப்டில் இருந்தவர் உங்கள் மடல் வந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், இந்த வாரம் கேன்டீனில் டீ குடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பு மாறியதோடு இத்தனையும் மாறியிருக்கிறது. கூடிய ஆறு பேரும் எதனால் கூடினார்கள் என்று சொல்ல வழியே இல்லை.

அப்படியானால் ஒரே நாளில் இரண்டையும் அனுப்பலாம். பட்டியலின் முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு மற்றொன்று. இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் பாதியில் இருப்பவர்கள் ஆரம்பத்திலேயே பெயர் கொடுத்த பழைய வாசகர்கள். எதை அனுப்பினாலும் திறப்பார்கள். ஊர் வாரியாகப் பிரித்தால் ஊருக்கு ஊர் பழக்கம் வேறு. நாமே பார்த்துச் சமமாகப் பிரிக்கலாம் என்றால், நமக்குப் பிடித்த வாசகத்துக்கு நல்ல ஆட்களை நம்மையறியாமலே ஒதுக்கிவிடுவோம். பிரிக்கிற கை யாரையும் அறியாத கையாக இருக்க வேண்டும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள்; ஒவ்வொன்றிலும் தகுதி உடையவர்களின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். ஊரை நிர்வகிக்கும் வாரியத்துக்கு ஆள் எடுப்பதில் பாரபட்சம் புகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, சோதனைக்காகச் செய்ததல்ல. ஆனாலும் அந்தச் சிறுவனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இன்றைய சோதனை முறையின் நடு நரம்பு அவன் கைதான். பெரியவர்களின் விருப்பு வெறுப்பு அந்தக் கைக்குத் தெரியாது.

குலுக்கிப் பிரித்தால் என்ன நடக்கிறது? பழைய வாசகர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள். இரவு ஷிஃப்டுக்காரர்களும் அப்படியே. வயது, படிப்பு, சம்பளம், கண்ணாடி போட்டவர், போடாதவர் எல்லாரும் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். நாம் கேட்க நினைக்காத குணங்களும், நமக்குப் பெயரே தெரியாத குணங்களும்கூடச் சமமாகப் பிரியும். இதுதான் குலுக்கலின் பெரிய பலம். இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இதைத் தெளிவான முறையாக்கினார். எந்த உரம் நல்லது என்று பார்க்க, வயலைச் சின்னச் சின்னப் பாத்திகளாக்கி, எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விட்டார். மண்ணின் ஏற்றத்தாழ்வு எல்லா உரத்துக்கும் பொதுவாகிவிட்டது.

பாத்தியிலிருந்து மனிதர்களுக்கு வருவோம். தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையப் பெயரை நாம் அன்றாடம் சொல்கிறோம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு, மரக்காற்று. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியாசிடும் வந்த பிறகும், மருந்தை சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதே உலகம் முழுக்க மருத்துவர்களின் எண்ணம். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகச் சில. சென்னைச் சேரியில் ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்து இருமுகிறவருக்கு எந்தப் படுக்கை கிடைக்கும்?

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நாலும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முதலில் தலைமை ஏற்றார். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி நேரடியானது: ஒரே மருந்தை, ஒரே அளவில், ஒரு வருடம் வீட்டிலேயே சாப்பிட்டால் என்ன? நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியாசிடும் பாஸ் (PAS) என்ற இன்னொரு மருந்தும்.

குலுக்காமல், முன்பே சானடோரியத்தில் இருந்தவர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் ஒப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படுக்கை கிடைத்தவர் செல்வாக்கு உள்ளவராக இருந்திருப்பார், அல்லது முற்றிய நோயோடு வந்தவராக இருந்திருப்பார். எந்த முடிவு வந்தாலும் நம்ப முடியாது. இங்கே குலுக்கல் அந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. மையத்தின் ஊழியர்கள் வீட்டுக்குத் திடீரென்று போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், மருந்து உள்ளே போகிறதா என்று அறியச் சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு சானடோரியச் சாப்பாட்டின் பக்கத்தில்கூட வராது. ஓய்வும் கிடையாது, பலர் வேலைக்குப் போனார்கள்.

1959-இல் முடிவு வெளியானது. இரு தரப்பிலும் குணமானவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எல்லாரும் பயந்த இன்னொரு விஷயம், வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் தொற்றுமே என்பது. தொடர்ந்து ஐந்து வருடம் குடும்பத்தாரைக் கவனித்ததில், வீட்டில் வைத்தியம் பார்த்ததால் தொற்று கூடவில்லை என்று தெரிந்தது. சானடோரிய வைத்தியத்தை உலகம் மெல்லக் கைவிட்டதற்கு இந்தச் சென்னைச் சோதனை ஒரு பெரிய காரணம். ஓய்வும் சத்தான உணவும் இல்லாமல் காசநோய் தீராது என்று நம்பியவர்கள் முட்டாள்கள் அல்லர். நெடுநாள் அனுபவம் உள்ள மருத்துவர்கள். அனுபவத்தால் காண முடியாததைக் குலுக்கல் காட்டியது.

இதைவிடக் கசப்பான முடிவு ஒன்று நம் மாவட்டத்திலேயே வந்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் மிகப் பெரிய சோதனை தொடங்கியது. செம்பரம்பாக்கமும் ஸ்ரீபெரும்புதூரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குலுக்கல் முறையில் தடுப்பூசியோ வெறும் ஊசியோ போடப்பட்டது; யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று பல வருடக் கவனிப்பில் தெரியவந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் சான்று இருப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறோம். எதிர்பார்த்தது வரவில்லை என்றாலும் வந்ததை அப்படியே வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி எண்ணிக்கை. சோதனை செய்கிறவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான்.

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் ஓர் இளம் பொறியாளர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரஸ்ஸில் வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கிறது. டையில் ஒரு மாற்றம் செய்தால் குறையும் என்பது அவர் எண்ணம். அமெரிக்கத் தர நிபுணர் டோரியன் ஷைனின் உருவாக்கிய பி-சி சோதனையைச் செய்தார். பி என்றால் பெட்டர், புதுசு. சி என்றால் கரன்ட், இப்போது ஓடுவது. பழைய முறையில் மூன்று, புது முறையில் மூன்று, ஆக ஆறே தகடு. எதை முதலில் அடிப்பது என்பதை ஆறு சீட்டு எழுதி, பக்கத்து மெஷின்காரரை எடுக்கச் சொல்லித் தீர்மானித்தார். நேரம் போகப்போக மெஷின் சூடாகும், அந்தச் சூடு ஒரே பக்கத்துக்குச் சாதகமாகிவிடக் கூடாது. ஆறையும் அடித்து, பிசிறை அளந்து, வரிசையாக மேஜையில் அடுக்கினார். பிசிறு குறைந்த முதல் மூன்று இடங்களிலும் புது முறைத் தகடுகளே வந்து உட்கார்ந்தன.

அது தற்செயலாக நடக்குமா? மூன்று பழசும் மூன்று புதுசும் வரிசையில் நிற்க மொத்தம் இருபது விதம் உண்டு. புதுசு மூன்றும் முன்னால் நிற்பது அதில் ஒன்றே ஒன்று. டை மாற்றத்தால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும் இருபதில் ஒரு தடவை இப்படி வரலாம். நூற்றுக்கு ஐந்து. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் எல்லை இதுதான். ஒரு தகரத் துண்டில் அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

ஆறு தகடு போதும் என்றால் மடலுக்கு ஏன் ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும்? தகடுகள் ஒன்றுபோல் இருக்கும், மாற்றத்தின் பலனோ பெரிது. மனிதர்கள் அப்படி இல்லை. மடலைத் திறப்பார் அல்லது திறக்க மாட்டார், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். தலைப்பு வரி கொண்டுவரும் வித்தியாசமும் சின்னது. பக்கத்துக்கு நூறு பேர், இருபது பேர் திறப்பது வழக்கம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மடலையே அனுப்பினால்கூட, ஐந்தாறு பேர் வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். ஆகவே இருபதுக்கு இருபத்தாறு என்று வந்ததைப் பார்த்துக் கொண்டாட ஒன்றுமில்லை. நூற்றுக்கு இருபது என்பது இருபத்துநாலாக உயர்வதைப் பிடிக்க வேண்டும். உண்மையாகவே உயர்ந்திருந்தால் பத்தில் எட்டுத் தடவையாவது நம் கண்ணில் பட வேண்டும். பொய் எச்சரிக்கை நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. இதற்குப் பக்கத்துக்குச் சுமார் 1,680 பேர் தேவை. இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்கச் சுமார் 6,500 பேர். வித்தியாசம் பாதியானால் ஆள் கிட்டத்தட்ட நாலு மடங்கு. சின்னப் பட்டியல் வைத்திருப்பவர்கள் ஒரு காற்புள்ளியை மாற்றிச் சோதிப்பதில் பயனில்லை. மாற்றினால் பெரிதாக மாற்றுங்கள்.

அடுத்த தவறு, பாதியில் எட்டிப் பார்ப்பது. காலையில் அனுப்பிவிட்டுப் பதினோரு மணிக்குப் பார்க்கிறோம், மதியம் பார்க்கிறோம், சாயங்காலம் பார்க்கிறோம். எப்போது நமக்குப் பிடித்த பக்கம் எல்லையைத் தாண்டுகிறதோ அப்போது நிறுத்தி, ஜெயித்தது என்கிறோம். ஒரே தடவை கடைசியில் பார்த்தால் ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. இடையிடையே பத்துத் தடவை பார்த்து, முதல் நல்ல சேதியில் நிறுத்துகிறவருக்கு அது நூற்றுக்குப் பத்தொன்பது. எத்தனை பேருக்கு அனுப்புவது, எப்போது எண்ணுவது என்பதை அனுப்பும் முன்பே தாளில் எழுதி வைத்துவிட வேண்டும்.

எதை எண்ணுவது? மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் இருக்கும். அது இறங்கினால் மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் மெயில் செயலியில், பயனாளர் படிக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடும் வசதியைக் கொண்டுவந்தது. அன்று முதல் அந்தக் கணக்கில் கலப்படம் சேர்ந்துவிட்டது. அதற்கு முன்பும்கூட, திறந்தவர் எல்லாரும் படித்தவர் அல்லர். என்ன நடக்க வேண்டும் என்று மடல் எழுதினோமோ அதையே எண்ண வேண்டும். கட்டுரையைப் படித்து முடித்தாரா, பணம் கட்டினாரா, முகாமுக்கு வந்தாரா.

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் குழு அப்படித்தான் செய்தது. நன்கொடை கேட்கும் ஒரு மடலுக்குப் பதினெட்டு வகை எழுதி, முதலில் சிறு பங்கு ஆட்களிடம் சோதித்து, வந்த பணத்தை எண்ணினார்கள். செலவில் எதிர்த்தரப்பு என்னை மிஞ்சிவிடும் என்ற பொருளில் அமைந்த தலைப்பு ஜெயித்தது. அதை எல்லாருக்கும் அனுப்பியதில் 26 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கடைசியில் வந்த தலைப்பை அனுப்பியிருந்தால் சுமார் 4 லட்சம்தான் என்பது அவர்கள் கணக்கு. எது ஜெயிக்கும் என்று எழுதியவர்களாலேயே முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

நல்ல எண்ணமும் நல்ல வாசகமும் போதாது என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. எச்.ஐ.வி. நோயாளிகள் மருந்தைத் தவறாமல் சாப்பிட, வாரம் ஒரு தடவை அவரவர் மொழியில் போன் அழைப்பும் ஒரு படச் செய்தியும் அனுப்பினால் நோய் கட்டுக்குள் இருக்குமா என்று தென்னிந்தியாவில் 631 பேரிடம் குலுக்கிப் பிரித்துச் சோதித்தார்கள். 2014-இல் முடிவு வந்தது: பயன் இல்லை. கேட்ட எவருக்கும் இது வேலை செய்யும் என்றுதான் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. மாறாக, 2020-இல் மேற்கு வங்கத்தில் பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி கொரோனா பற்றிப் பேசும் சில நிமிடப் படங்களின் இணைப்பை இரண்டரைக் கோடிப் பேருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். வழக்கமான அரசுத் தகவல் இணைப்பு போன பகுதிகளோடு ஒப்பிட்டபோது, நோய் அறிகுறியைச் சுகாதார ஊழியரிடம் வந்து சொல்வது இரு மடங்கானது. அங்கே பிரித்தது தனித்தனி ஆட்களை அல்ல, பின்கோடு பகுதிகளை. ஒரே தெருவில் இருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கு வந்த செய்தி அடுத்தவருக்கும் போய்விடும். நம் பஸ் நிறுத்தத்தில் நடந்ததும் அதுதான். இரண்டு பெண்களும் போனை ஒப்பிட்ட நொடியில் அந்தக் கடையின் சோதனையில் ஒரு சொட்டு ஒழுகிவிட்டது.

அந்தப் பெண்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புடவைத் தள்ளுபடிக்கு அது பெரிய விஷயம் இல்லை. 2012-இல் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கத்தில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்து, அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று அவர்களுக்கே தெரியாமல் பார்த்தது. 2014-இல் அது வெளிவந்தபோது உலகெங்கும் எழுந்த கண்டனம் நியாயமானது. எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோது, யாரையும் கெடுதலுக்குத் தள்ளாமல் செய்தால்தான் குலுக்கல் நியாயமாகும். சேத்துப்பட்டில் அந்த நியாயம் இருந்தது.

எனக்கு நெடுநாளாக ஒரு ஆசை உண்டு: வெள்ள எச்சரிக்கையையும் இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும். என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை தெரியும். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள்; அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் பட்ட பாட்டை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் வரும் எச்சரிக்கை ஒரே நடையில் இருக்கிறது: கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். தன் தெரு தாழ்வான பகுதியா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்பான இடம் எது? இன்னொரு விதமாகவும் எழுதலாம்: “இன்று இரவு 8 மணிக்கு உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வரலாம். 6 மணிக்குள் அரசுப் பள்ளிக்கு வந்துவிடுங்கள். ரேஷன் கார்டு, மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.”

இரண்டாவதுதான் நல்லது என்று என் மனம் சொல்கிறது. சானடோரிய மருத்துவர்களின் மனமும் அப்படித்தான் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளம் வரும் இரவில் இதைச் சோதிக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில், ஒத்திகை என்று முன்பே சொல்லி, திருமுடிவாக்கம், குன்றத்தூர், அனகாபுத்தூர் என்று ஆற்றோரத் தெருக்களைக் குலுக்கிப் பிரித்து, பாதித் தெருக்களுக்கு ஒன்று, பாதிக்கு மற்றொன்று அனுப்பலாம். எத்தனை பேர் செய்தியைத் திறந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் என்று எண்ணலாம்.

இரண்டு வாசகத்தையும் ஒரு தாளில் எழுதி, அதே பஸ் நிறுத்தத்தில் அந்த இரண்டு பெண்களிடமும் காட்டினேன். இளையவள் இரண்டாவதைத் தொட்டாள். மூத்தவர் இரண்டு தடவை படித்துவிட்டு முதலாவதைக் காட்டினார். “இதுதாங்க கவர்மென்ட் சொன்ன மாதிரி இருக்கு. அதை எவனோ வாட்ஸ்அப்ல கிளப்பி விட்டான்னு நெனச்சு நான் வீட்லயே இருந்துடுவேன்” என்றார்.